கல்லைப் பார்க்கவும் ஒரு ஆள் துணை வேண்டும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அம்மா போன வாரம் லிஃப்டில் என்னைப் பார்த்து, "சார், நீங்க ரோம் போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பேசுங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் போன பிறகுதான் யோசித்தேன். ரோமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் பேச்சு நேராகத் திருச்சுழியில் போய்த்தான் நிற்கும். அதனால் பாதி ரோம், பாதி திருச்சுழி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதே கேட்காதீர்கள். முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கை இல்லை, பொருளாளர் பயப்பட வேண்டாம்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. முப்பது வருஷம் வங்கியில் கணக்கு பார்த்தவன். பிறந்தது அருப்புக்கோட்டை. அம்மா ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். கோடை லீவு முழுக்க அங்கேதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

போன ஜூன் மாதம் ஜெர்மனியில் இருக்கும் மகன் எங்களை ரோமுக்குக் கூட்டிப்போனான். நான், என் வீட்டம்மா, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. முதல் நாள் நாங்களே சுற்றிப் பார்த்தோம். கைடு எதற்கு, போனில் எல்லாம் இருக்கிறதே என்றான் மகன். கொலோசியத்துக்கும், பக்கத்தில் இருக்கிற ஃபோரம், பலத்தீன் குன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ஃபோரம் என்பது பழைய ரோமின் நடு ஊர். நீதிமன்றம், கோயில், கடைவீதி, கூட்ட மேடை எல்லாம் அங்கேதான் இருந்தன. உள்ளே போனோம். எங்கே பார்த்தாலும் உடைந்த தூண், சரிந்த சுவர், கல், கல், கல். நல்ல வெயில். அரை மணி நேரத்தில் பேத்தி உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டம்மா, "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? இந்த மாதிரிக் கல்லு நம்ம ஊர் கண்மாய்க் கரையிலயே கிடக்குமே" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர்க் குழாய்தான். ரோமில் தெருவுக்குத் தெரு சின்ன இரும்புத் தூண் மாதிரி குழாய் இருக்கிறது. ராத்திரி பகலாக நல்ல குடிதண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் அதை மூக்கன் என்கிற பொருளில் நசோனே என்கிறார்கள். தண்ணீர் லாரி வருகிற நாளைக் கணக்குப் பார்த்துக் குளிக்கிற நமக்கு அதைப் பார்த்தால் மூடிவிடலாமா என்று கை துடிக்கிறது.

மறுநாள் மருமகள் ஒரு நடைப் பயணத்துக்குப் பதிவு செய்தாள். இருபது பேர். ஆளுக்கு ஒரு காதுக் கருவி கொடுத்தார்கள். முன்னால் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், மடக்கிய மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த நாட்டில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினால்தான் கைடு வேலை பார்க்க முடியும். உரிம அட்டை அவர் கழுத்தில் தொங்கியது.

அதே இடம், அதே கல், அதே வெயில். ஆனால் மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. பேத்தி ஒரு தடவை கூட உட்காரவில்லை.

அந்த அம்மா செய்தது ரொம்ப எளிமையான காரியம். ஒவ்வொரு கல்லிடமும் நிறுத்தி, ஒரே ஒரு விஷயத்தைக் காட்டினார். உதாரணத்துக்கு, டைட்டஸ் என்கிற சக்கரவர்த்தி செத்த பிறகு அவன் தம்பி டொமிஷியன் எழுப்பிய வளைவு ஒன்று. முதல் நாள் அதன் அடியில் நின்று நாங்கள் போட்டோ எடுத்திருந்தோம். மறுநாள் அவர், "உள்பக்கச் சுவரைப் பாருங்கள், என்ன தூக்கிக்கொண்டு போகிறார்கள்?" என்று கேட்டார். பேத்தி, "விளக்கு!" என்றாள். ஏழு கிளை விளக்கு. கி.பி. 70இல் ஜெருசலேம் கோயிலை அழித்துவிட்டுக் கொள்ளையடித்து வந்த விளக்கு. ஜெயித்தவனுக்கு அது வெற்றிச் சின்னம், தோற்றவர்களுக்கு இரண்டாயிரம் வருஷத்துத் துக்கம். இரண்டும் ஒரே கல்லில் இருக்கிறது.

அப்புறம் ஒரு கோயில். அன்டோனினஸ் பயஸ் என்ற சக்கரவர்த்தி, இறந்துபோன தன் மனைவி ஃபாஸ்டினாவுக்காக கி.பி. 141இல் கட்டியது. பின்னாளில் அதைத் தேவாலயமாக மாற்றினார்கள். அந்தத் தேவாலயத்தின் கதவு, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே அந்தரத்தில் இருக்கிறது! ஏறிப் போகப் படி இல்லை. "ஏன்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கதவு வைத்த காலத்தில் தரை அங்கே இருந்தது என்றார். ரோமாபுரி வீழ்ந்த பிறகு, ஆற்று வெள்ளமும் குப்பையும் இடிபாடும் சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் மண் மூடி மூடி, தரை அவ்வளவு உயரம் ஏறிவிட்டது. நாங்கள் நின்றது தோண்டி எடுத்த தரை.

மண் மூடிக் கிடந்த காலத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? காம்போ வக்கினோ. நம் பாஷையில் மாட்டுப் பொட்டல். மாடு மேய்த்திருக்கிறார்கள், சந்தை போட்டிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? பளிங்குக் கல்லை உடைத்துக் காளவாசலில் போட்டுச் சுண்ணாம்பாகச் சுட்டிருக்கிறார்கள். உலகத்தை ஆண்ட ஊரின் சிலைகள் சுண்ணாம்பாகி யாரோ வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டில்தான் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கல்லின் அருமை தெரியாதவர்கள் நாம் மட்டும் இல்லை.

வழியில் எங்களைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா, மதுரை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பிரம்மாண்டமான மண்டபத்தைக் காட்டி, "இதற்கு அடியில்தான் உங்கள் ஊர்ச் சரக்கு இருந்தது" என்றார். டொமிஷியன் காலத்தில் அங்கே மிளகுக் கிடங்கு இருந்ததாம். மிளகும் மற்ற வாசனைச் சரக்கும் கப்பலில் வந்து அங்கே இறங்கியிருக்கின்றன. "அது எங்களுக்கு மேற்கே, சேர நாட்டு முசிறியிலிருந்து வந்திருக்கும் அம்மா, எங்கள் கரிசலில் மிளகாய்தான் விளையும்" என்று சொல்ல நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த மிளகாயும் நம்முடையது இல்லை, அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் வந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

ஆனால் பாண்டிய நாட்டுக்கும் ரோமுக்கும் உறவு இருந்தது உண்மை. பாண்டியன் அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பியதாக ஸ்ட்ராபோ என்ற கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். தூது அனுப்பியது போரஸ் என்று சொல்வாரும் உண்டு என்று அவரே குறிப்பிடுகிறார். இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறதே என்று பிளினி என்பவர் அங்கலாய்த்திருக்கிறார். அந்தப் பணத்தில் கொஞ்சம் இங்கேயே கிடைத்திருக்கிறது. மதுரையில் ரோமக் காசு கிடைத்திருக்கிறது. வைகை கடலில் சேரும் பக்கம் இருக்கிற அழகன்குளத்தில், நம் மாநிலத் தொல்லியல் துறை 1986 முதல் பல தடவை தோண்டி, ரோமக் காசும், மது கொண்டுவந்த ஜாடிகளின் ஓடும், கப்பல் கீறிய பானை ஓடும் எடுத்திருக்கிறது. திருச்சுழியிலிருந்து கிழக்கே போனால் எட்டிவிடக்கூடிய இடம்தான். மதுரைக்காரனான நான் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ரோமுக்குப் போக வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு மண்மேட்டுக்குக் கூட்டிப்போனார். மேலே ஒரு சின்னத் தகரக் கூரை. முதல் நாள் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தோம். ஜூலியஸ் சீசரை கி.மு. 44இல் குத்திக் கொன்றார்கள் இல்லையா, அவரை எரித்த இடம் அது. அந்த இடத்தில் அவருக்குக் கோயில் கட்டி கி.மு. 29இல் திறந்துவைத்தார் அகஸ்டஸ். கோயில் போய்விட்டது. உள்ளே இருந்த மேடையின் கருமட்டும் நிற்கிறது. அதன் மேல் புதுப் பூ கிடந்தது. யாராவது தினமும் வைத்துவிட்டுப் போகிறார்களாம். ராஜாவை எரித்த இடத்தில் கோயில்! அப்படி ஒன்று உண்டா என்று ஆச்சரியப்பட்டேன். நம் பக்கத்திலேயே உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

பயணம் முடிந்து காதுக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, பக்கத்தில் இருந்த ஒருவர், கொலோசியம் சுவரில் பெயர் கீறியவனைப் பிடித்தார்களாமே என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். 2023இல் ஒரு சுற்றுலாப் பயணி, சாவியால் தன் பெயரையும் தோழியின் பெயரையும் செங்கல்லில் கீறினான். யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அவன் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில், அந்தக் கட்டடம் எவ்வளவு பழையது என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லியிருந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். கொலோசியம் பழையது என்று தெரியாதவனும் உண்டா! நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி ஓட்டலில் தூக்கம் வரவில்லை. காரணத்தை என் வீட்டம்மாவிடம் கூடச் சொல்லவில்லை.

அம்மா ஊரில் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் நிற்கும். கோடையில் கண்மாய் வற்றிவிடும். ஆடு மேய்க்கப் போகும் பையன்களோடு நானும் போவேன். அந்தத் தூணில் கோடு கோடாக, வளைவு வளைவாக ஏதோ இருக்கும். பத்து வயதில் ஒரு ஆணியை எடுத்து, என் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அதன் மேல் கீறினேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஆழமாகக் கீறினேன். அந்தக் கல் எவ்வளவு பழையது என்று எனக்கும் தெரியாது.

ஆகஸ்டில் பேத்தி விடுமுறைக்கு இங்கே வந்தாள். "தாத்தா, உங்க ஊர்லயும் குடை பிடிச்ச கைடு இருக்காங்களா?" என்று கேட்டாள். குடை பிடித்த கைடு இல்லை. ஆனால் என் மச்சினன் மகன் மூலமாக ஒரு தம்பி கிடைத்தார். திருச்சுழிப் பக்கத்துப் பையன், வரலாறு எம்.ஏ. படிக்கிறார், வட்டெழுத்து வாசிக்கப் பயிற்சி எடுத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்னாலேயே மதுரையிலிருந்து கிளம்பினோம். அருப்புக்கோட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏழரைக்குத் திருச்சுழி.

முதலில் திருமேனிநாதர் கோயில். சுந்தரர் பாடிய தலம். பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் அதைச் சுழித்துப் பூமிக்குள் இறங்க வைத்ததால் இந்தப் பெயர் என்பது தலபுராணம். சுற்றிலும் சீமைக் கருவேலமும் பொட்டலும். குண்டாற்றில் மணல்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊருக்கு வெள்ளத்தின் பெயர்! பேத்தி சிரித்தாள். அந்தத் தம்பி, "மழை வந்தா மொத்தமா வரும் பாப்பா, வராட்டி ரெண்டு வருஷம் வராது. வெள்ளத்தைப் பத்தி வறண்ட ஊர்க்காரனுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். பக்கத்தில் ரமண மகரிஷி பிறந்த வீடு. 1879 டிசம்பர் 30இல் வேங்கடராமனாக அந்த வீட்டில் பிறந்தார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் அதைத் தேடி வருகிறார்கள்.

அடுத்து பள்ளிமடம். திருச்சுழியை ஒட்டிக் குண்டாற்றங்கரையில் இருக்கிற கிராமம். அங்கே காளநாத சுவாமி கோயில். சின்ன வயதில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தத் தம்பி கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் எழுத்தைக் காட்டி, "ஐயா, பொன்னியின் செல்வன் படம் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "அதுல ஆதித்த கரிகாலன் தலையை வெட்டுவாரே ஒரு பாண்டியர், அந்த வீரபாண்டியர் காலத்துக் கல்வெட்டு இது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. சினிமாவில் சோழர் பக்கத்துக் கதையைத்தான் பார்த்தோம். இங்கே கல்வெட்டுகளில் அவர் 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன். ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட'வன். டைட்டஸ் வளைவு மாதிரியேதான். எந்தப் பக்கம் நின்று படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்தக் கல்வெட்டுகள் இந்தக் கோயிலைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்றும் பள்ளிப்படை என்றும் சொல்கின்றன. பள்ளிப்படை என்றால் இறந்த அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயில். சோழர்களும் கட்டியிருக்கிறார்கள். காளஹஸ்திப் பக்கம் முதலாம் ஆதித்தனுக்கு ஒன்று. மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் கட்டியது ஒன்று. பட்டீஸ்வரத்தில் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் கட்டியது ஒன்று. நம் கரிசலில் பாண்டியர் வீட்டுப் பள்ளிப்படை இது. ரோமில் தகரக் கூரைக்குக் கீழே சீசருக்குப் பூ கிடந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டவன், அம்மா ஊருக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒன்று ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நிற்பதைத் தெரியாமலே அறுபத்தைந்து வயது வரை இருந்திருக்கிறேன்.

அந்தக் கல்வெட்டில் என்னதான் எழுதியிருக்கிறது? விளக்கெரிக்க ஆடு கொடுத்த கணக்கு! இங்கேதான் வங்கிக்காரனான எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால், பாண்டிய நாட்டில் பெரும்பாலும் ஐம்பது ஆடு கொடுப்பார்கள். சோழ நாட்டில் தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று வரும். அந்த ஆடுகளை இடையர்கள் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அவர்கள் மேய்த்துக்கொள்ளலாம், பால், குட்டி எல்லாம் அவர்களுக்கு. பதிலுக்கு நாள்தோறும் இவ்வளவு நெய் என்று கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். அதனால் அந்த ஆட்டுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழமாகாத ஆடு.

பொருளாளர் சிரிக்கிறார், அவருக்குப் புரிந்துவிட்டது. இதுதான் நம்முடைய கார்பஸ் ஃபண்ட்! முதலில் கை வைக்கக் கூடாது, வட்டியில் காரியம் நடக்க வேண்டும். நாம் இதை எத்தனை பொதுக்குழுவில் சண்டை போட்டு முடிவு செய்தோம்? மழையை நம்ப முடியாத பூமியில், நெல்லை நம்பாமல் ஆட்டை முதலாகப் போட்டவர்களின் புத்தியைப் பாருங்கள். நிலம் காய்ந்தாலும் ஆடு கருவேலங்காயைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளை எல்லாம் அரசாங்கக் கல்வெட்டுத் துறை 1914 வாக்கிலேயே படியெடுத்துவிட்டது. கல்லை நன்றாகக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கச் செய்து, மேலே மையை ஒற்றுவார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வந்துவிடும். ஆக, படித்தவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே படித்துவிட்டார்கள். பக்கத்தில் வீடு இருக்கிற எங்களுக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. அதில் எங்கள் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பாண்டிய நாட்டில் தமிழைப் பெரும்பாலும் வட்டெழுத்தில்தான் எழுதினார்கள். இன்று நாம் எழுதுகிற எழுத்து வேறு. பாஷை தமிழ்தான், ஆனால் கண்ணுக்குக் கோடாகத் தெரியும். யாராவது கூட நின்று, "இது 'ப', இது 'ன'" என்று விரலால் காட்டினால்தான் உண்டு.

பத்து மணிக்கு வெயில் ஏற ஆரம்பித்தது. திரும்பிவிடலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். அம்மா ஊர்க் கண்மாய்க்குப் போக வேண்டும் என்றேன்.

கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடந்தே உள்ளே போனோம். இரண்டு தூணும் நிற்கிறது. அது குமிழித் தூம்பு என்று தம்பி விளக்கினார். தூணுக்குக் கீழே கல்தொட்டி இருக்கிறது. அதில் மேலே ஒரு துளை, அடியில் சின்னத் துளைகள். மேல் துளையைத் திறந்தால் தெளிந்த தண்ணீர் போகும், அது நீரோடித் துளை. அடித் துளை வழியாகச் சேறு வெளியேறும், அது சேறோடித் துளை. தண்ணீரோடு வண்டலும் வயலுக்குப் போய்விடும், கண்மாயும் தூராது. மடையைத் திறக்கிறவன் நீந்திப் போய் முங்கித் திறக்க வேண்டும். உயிரைப் பணயம் வைக்கிற வேலை. நாங்கள் ஆட்டை விட்டுவிட்டு ஏறி விளையாடியது இத்தனை அறிவு உள்ள ஒரு பொருளின் மேல்.

தம்பி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். மாவு தடவவில்லை, சாக்பீஸால் எழுதவில்லை. அதெல்லாம் கல்லைக் கெடுக்கும் என்றார். துண்டால் நிழல் கட்டி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்து எழுந்து நின்றது. தூம்பைச் செய்துவைத்த ஒருவரைப் பற்றிய வரி. பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டார். "இந்த ரெண்டு எழுத்து மட்டும் பிடிபடலைங்கய்யா. மேல யாரோ ஆணியால கீறி வச்சிருக்காங்க."

பேத்தி குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஜெர்மனியில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரோ இல்ல தம்பி, நான்தான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சின்ன வயசுல எல்லாரும் செய்றதுதாங்கய்யா, அப்ப சொல்றதுக்கு ஆள் இல்ல" என்றார். தன் செலவில் கண்மாய்க்கு மடை கட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு மனிதர். கல்லில் இருந்த அவர் பெயரை, பத்து வயதில் ஒரே மத்தியானத்தில் நான் அழித்திருக்கிறேன். அந்தக் கல்வெட்டை யாரும் முன்னால் படியெடுத்திருந்தால் பெயர் எங்காவது இருக்கும். தம்பி தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் வாரம் ஒரு தடவை அவருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை நான் இங்கே மைக்கில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நம் குடியிருப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்கட்டுச் சுவரில் காம்பஸால் கீறியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பெயிண்ட் அடித்துவிடலாம். தூம்புக் கல்லுக்கு என்ன அடிப்பது?

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். வருடாந்திரச் சுற்றுலாவுக்கு அறிவிப்புப் பலகையில் கொடைக்கானல், குற்றாலம் என்று இரண்டு பெயர் எழுதியிருக்கிறது. மூன்றாவதாகத் திருச்சுழி – பள்ளிமடம் ஒரு நாள் நடை என்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும், அதற்கு மேல் வெயில் தாங்காது. காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பினால் போதும். கோயில் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அருப்புக்கோட்டை வந்துவிடலாம். மொத்த நடை நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம். முட்டிவலிக்காரர்களுக்கு மடக்கு நாற்காலி இரண்டு நான் கொண்டுவருகிறேன். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி அல்லது குடை, கழற்றி மாட்ட வசதியான செருப்பு, ஒரு டார்ச். சாக்பீஸ் வேண்டாம். கழிப்பறையை அருப்புக்கோட்டையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கூட வந்து சொல்கிற அந்தத் தம்பிக்கு நாம் பணம் கொடுக்க வேண்டும். என்னிடம் வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணிக்க வேண்டியதாயிற்று. ரோமில் அந்த அம்மாவுக்கு அது உத்தியோகம். அதனால்தான் வெயிலில் மூன்று மணி நேரம் நின்று ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பதில் சொல்ல முடிகிறது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லைப் படித்துக் காட்ட நாளைக்கும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றால், இன்றைக்கு அவருக்குக் கூலி கிடைக்க வேண்டும். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டாலும் போதும். ஐம்பது ஆடு கொடுக்கச் சொல்லவில்லை.

ஊருக்குப் போன பிறகு பேத்தி பள்ளிக்கூடத்தில் விடுமுறையைப் பற்றிப் பேசினாளாம். ரோம் படத்தையும் காட்டினாளாம், கண்மாய்த் தூண் படத்தையும் காட்டினாளாம். "தாத்தா கீறினதைச் சொன்னியா?" என்று கேட்டேன். "சொன்னேன். அதைத்தான் எல்லாரும் கவனமாக் கேட்டாங்க" என்றாள்.

அதனால்தான் உங்களிடமும் சொல்லிவிட்டேன். மூன்றாவது பெயரை எழுதச் சாக்பீஸ் கீழே செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. அதைப் பலகையில் மட்டும் பயன்படுத்துங்கள்.